மீண்டும் பார்த்த ‘கலை அரசி’

1980களில், மாத்தளையில், வீடியோ ‘டெக்’கை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து அயலவர் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். அவ்வாறானதோர் இரவில் ‘கலை அரசி’யைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். அண்மையில் அதனை இறுவட்டில் மீண்டும் பார்த்தேன்.

ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படம் 1963 ஏப்ரலில் வெளியானது. வேற்றுக்கிரகத்தவர் பூமிக்கு வருவதைக் காட்டிய முதல் இந்தியப் படம் என்பர். ககாரின் விண்வெளி சென்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. வலன்டீனா தெரஷ்கோவா செல்ல இன்னும் இரு மாதங்கள் இருந்தன. அதற்குள் பானுமதியை விண்ணேற்றிவிட்டது தமிழ்த்திரை!

விஞ்ஞானத்தில் முன்னேறிய அக்கிரகத்தில் இசை இல்லை. எனவே நம்பியார் பூமியின் பாடகியைக் கடத்திச் செல்கிறார். பின்தொடரும் எம்.ஜி.ஆர். அங்கே கோமாளியாக நடமாடிச் சிரிக்க வைக்கிறார்.

இம்முறை சிரிப்பினூடே ஒன்று உறைத்தது. அவர்களுக்கு வேண்டியது அவளது கலை. அவளது சம்மதம் அன்று. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த எம் முன்னோர் கடத்தப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் தோட்டங்களுக்கு வேண்டியிருந்தது அவர்களது உழைப்பு மட்டுமே.

படம் வெளியான மறு ஆண்டு, 1964 ஒக்டோபரில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களிடமும் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

கதை முடிவில் நாயகி தன் பூமிக்குத் திரும்புகிறாள். இம்மண்ணிலேயே பிறந்தவர்களைத் ‘திரும்பிப் போ’ என்றால், அவர்கள் எந்தப் பூமிக்குத் திரும்புவது?