சிறுவர் கைப்பண்டமும் கண்டிச் சரித்திரமும்



கண்டியின் சரித்திரம் என்றால் நம் மனக்கண்முன் தோன்றுவன மன்னரும் மந்திரிகளும், போரும் உடன்படிக்கையுமே. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று என்பதைப் பாடசாலை மாணவரும் ஒப்புவிப்பர். அரசமாளிகையில் எழுதப்பட்ட சரித்திரம் அது. அடுப்படியில் எழுதப்பட்ட சரித்திரம் ஒன்றும் உண்டு. பல் முளைக்கும் பருவத்துக் குழந்தையின் கையிலும், ஓடித்திரியும் சிறுவரின் கையிலும், விருந்துக்கு வந்த பிள்ளைகளின் கையிலும் பெரியோர் எதைக் கொடுத்தனர்? ஊட்டுவாரின்றிக் குழந்தை தானே பற்றிக் கடித்து உண்ணும் பண்டம் எது? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால் மலைநாட்டின் கதை முழுவதும் நம் முன் விரிகின்றது. அக்கதையே இன்றைய பேச்சின் பொருள்.

குழந்தை தன் கையாலே உணவை அளைந்து உண்பதைத் தமிழர் குற்றமாகக் கொண்டதில்லை. அதனைப் பெரும் பேறாகவே கருதினர். தம் மக்கள் கையிட்டுக் கலக்கிய உணவு தேவருணவினும் சுவை மிக்கது என்பது வள்ளுவர் கருத்து. நெய்யிட்ட சோற்றில் கையை விட்டுக் குழப்பி, உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் மழலைச் செல்வம் இல்லாதார்க்கு வாழ்நாளாற் பயனில்லை எனப் புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடைநம்பி பாடியுள்ளான். சிந்திய சோற்றை நோக்கிச் சினவாது, சிந்திய கையை நோக்கி மகிழ்ந்தவர் நம் முன்னோர்.

இனிக் கண்டிக்கு வருவோம். 1660ஆம் ஆண்டு கிழக்குக் கரையிலே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பல் தங்கிற்று. அதிலிருந்து சிறைப்பிடிக்கப்பட்டவருள் இளைஞரான இராபர்ட் நொக்சும் ஒருவர். 1679ஆம் ஆண்டு தப்பிச் செல்லும்வரை ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அவர் கண்டி நாட்டுக் கிராமங்களிலே வாழ்ந்தார். அக்காலத்தில் அரசாண்டவன் இரண்டாம் இராசசிங்கன். நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாற்று நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. அந்நூலிலே சிங்களப் பெண்கள் செய்யும் பலகாரங்களைப் பற்றியும் அவர் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று கவும். அரிசி மாவையும் கருப்பட்டியையும் கலந்து சிறு சிறு உருண்டையாக்கி, இலைமேல் வைத்துப் பெருவிரலால் அழுத்தி, தேங்காயெண்ணெயிலோ வெண்ணெயிலோ பொரித்தெடுப்பது அது.

அப்பண்டத்தைப் பற்றி நொக்ஸ் ஒரு வேடிக்கையும் சொல்கின்றார். ஒல்லாந்தர் முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தபோது, அரசன் கவும் செய்வித்து அரச விருந்தாக அவர்களுக்கு அனுப்பினானாம். அதன் சுவையிலே மயங்கிய ஒல்லாந்தர், மனிதர் கையால் இத்தகைய பண்டம் ஆகக்கூடுமோ என்று ஐயுற்று, இது மரத்திலே காய்ப்பதோ என்று வினவினராம். கதை மெய்யோ பொய்யோ, ஒரு செய்தி தெளிவு. குழந்தை ஒரு கையிற் பற்றி உண்ணத்தக்க இச்சிறு பண்டம், அரசர் தூதிலும் இடம் பெறும் மதிப்புடையதாய் இருந்தது.

கவும் மலையிலிருந்து கரைக்கு இறங்கிற்று என்றால், கரையிலிருந்து மலைக்கு ஏறிய பண்டமும் உண்டு. அதுவே கொக்கிஸ். பூப்போன்ற உலோக அச்சை அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கரைசலிலே தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் அமிழ்த்த, மொறுமொறுவென்று பூவாக மலர்ந்து கழன்று விழும். தமிழகத்தார் இதனை அச்சுமுறுக்கு என்பர். கொக்கிஸ் என்னும் பெயர், சிறு பணியாரத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்ததென்பர். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், கண்டி இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவர இயலவில்லை. ஆயினும் இன்று சித்திரைப் புத்தாண்டிலே கண்டிச் சிங்களவர் இல்லத்தில் பாற்சோற்றுக்கும் கவுமுக்கும் பக்கத்தே கொக்கிசும் வீற்றிருக்கின்றது. பீரங்கியால் ஏற முடியாத மலையிலே பலகார அச்சு ஏறிவிட்டது!

மக்கள் இனம் பலவாயினும், குழந்தையின் முதலுணவைக் கொண்டாடுவதிலே மனம் ஒன்றாகவே இருந்தது. சிங்களக் குடும்பங்களில் சுபவேளை பார்த்துக் குழந்தைக்கு முதன்முதல் பாற்சோறு கொடுப்பர். அரிசியைத் தேங்காய்ப்பாலிலே குழைய வேகவைத்து, தட்டிலே பரப்பி, ஆறியபின் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டுவது பாற்சோறு. பல்லில்லாத வாயும் மென்று விழுங்கும். பிடிக்கத் தெரியாத கையும் பற்றிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துத் தமிழர் பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பர். கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோலப் பதிப்பதும், பிள்ளையின் தலையை வெண்துணியால் மூடி அதன்மேல் கொழுக்கட்டைகளைச் சொரிவதும், புத்தகம், எழுதுகோல், பொன் முதலியவற்றைப் பரப்பி, பிள்ளை எதை எடுக்கின்றதென்று சுற்றத்தார் கூடி நோக்குவதும் வழக்கம். உத்தியோகம், ஆசிரியத் தொழில், வணிகம் என்பவற்றின் பொருட்டுக் கண்டியிற் குடியேறிய வடபகுதியார் இவ்வழக்கத்தையும் உடன்கொண்டு வந்தனர். சுற்றியிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அன்று கைநிறையக் கொழுக்கட்டை. இக்காலத்தார் பிறந்தநாள் விருந்து என்று எதைச் சொல்கின்றனரோ, அதற்கு முன்னோடி இதுவே.

நேயர்களே, இதுவரை கூறியது மகிழ்ச்சியின் கதை. கண்டிச் சரித்திரத்தின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும்.

1867ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை அடைந்தது. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டை மலைப்பகுதியில், லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்து மலையேறியிருந்தனர். கோப்பிப் பழம் பறிப்பது பருவத்தொழில். பருவம் முடியப் பலர் ஊர் திரும்பினர். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைகளைத் தேயிலை மூடிற்று. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே தொழிலாளர் குடும்பமாகத் தங்கினர். கொழுந்து பறிக்கும் வேலை பெண்களுடையதாயிற்று. லயக் காம்பராக்களிலே பிள்ளைகள் பிறந்தனர்.

இங்கேதான் கேள்வி எழுகின்றது. விடியற்காலையிலே பெரட்டுக்களத்துக்குப் போய், மாலையிலே கொழுந்து நிறுத்துத் திரும்பும் தாயின் பிள்ளைக்குப் பகற்பொழுதில் யார் ஊட்டுவது? அதற்கு விடையாகத் தோன்றியதே பிள்ளைக் காம்பரா. காம்பரா என்னுஞ் சொல்லே அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. அங்கே வயது முதிர்ந்த ஆயா ஒருத்தியின் பொறுப்பிலே பிள்ளைகள் பலர். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே ஊட்ட அவளுக்கு எத்தனை கை உண்டு? ஆதலின் தாயானவள் இருட்டோடு எழுந்து சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு பிள்ளையின் கையிலே இருந்தது. ரொட்டி சிந்தாது, ஆறினாலும் கெடாது, மலைச்சரிவிலே தாய்க்கும் அதுவே உணவு. கண்டிப் பட்டணத்து வீட்டிலே கைப்பண்டம் கொண்டாட்டத்தின் அடையாளம். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் அது தாய் அருகில்லாமையின் அடையாளம். பண்டம் ஒன்றே, அதன் பொருள் இரண்டு.

அந்த ரொட்டியும் உலக அரசியலுக்குத் தப்பவில்லை. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, பர்மா அரிசி இலங்கைக்கு வருவது நின்றது. பங்கீட்டிலே அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. சோறுண்டு வளர்ந்த மக்கள் கோதுமை மா ரொட்டிக்குப் பழகினர். யுத்தம் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. பின்னர் 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீடும் குறைக்கப்பட்டபோது, தோட்டப்புறங்களிலே பசியால் வாடியவர் பலர், உயிரிழந்தோரும் பலர். ஒரு துண்டு ரொட்டியும் இல்லாது பிள்ளைகளின் கை வெறுமையாக இருந்த காலம் அது. மலையகத்தார் அதனை இன்றும் மறந்திலர்.

அதே 1973ஆம் ஆண்டிலே இலங்கையில் திரிபோஷாத் திட்டம் தொடங்கிற்று. சோளத்தையும் சோயாவையும் சேர்த்து அரைத்து, உயிர்ச்சத்துகளும் கனிமங்களும் கலந்த மா இது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த பிள்ளைகளுக்கும் தாய்சேய் நிலையங்களின் வாயிலாக இலவசமாக வழங்கப்படுகின்றது. இம்மாவைத் தாய்மார் என்ன செய்தனர் தெரியுமா? தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தனர். அரிசி மாவுருண்டை பிடித்த பாட்டியின் கைப்பழக்கம், அரசாங்கம் கொடுத்த மாவையும் பலகாரமாக்கிவிட்டது. அக்காலத்துப் பாடசாலைகளிலே பிள்ளைகளுக்குக் கொடுபட்ட பணிசையும் விசுக்கோத்தையும் இன்று பாட்டன் பாட்டியராய் இருப்போர் நினைவுகூர்வர். படிப்புக்கு முன்னே பசி தீரவேண்டும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். இடைவேளை மணிக்குப் பின் வகுப்பறையில் தோன்றும் தெளிவே அதற்குச் சான்று.

ஆயினும் கடன் தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதாரக் கணிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்திலோ சுமார் 32 சதவீதம். மூவரில் ஒரு பிள்ளை என்று கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே திரிபோஷா உற்பத்தியும் தடைப்பட்டது. பழைய பிள்ளைக் காம்பராக்கள் பல இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயருடன் விளங்குகின்றன. பெயர் மாறியது நன்று; பிள்ளையின் தட்டும் மாறவேண்டும்.

மேல்நாட்டிலே சென்ற இருபது ஆண்டுகளாக, ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு மசித்த உணவை ஊட்டுவதோடு நில்லாமல், மென்மையான உணவைத் துண்டாக்கி அதன் கையிலே கொடுத்து, தானே உண்ணவிடுதல் நன்று என்னும் கருத்துப் பரவிவருகின்றது. பாற்சோற்றுத் துண்டும் பிஞ்சுக் கையும் பழகிய கண்டிக்கு இது புதுமையன்று. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது மருத்துவர் துணிபு. அதன்பின் அவித்த வற்றாளைக் கிழங்கு, கனிந்த வாழைப்பழம், அவித்த கரட், மெத்தென்ற இட்டலி, விரலால் நசுக்கினால் நசுங்கும் எதுவும் நன்று. முழுக் கச்சானும் கடலையும் தொண்டையில் அடைக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவற்றை முழுதாகக் கொடுத்தல் ஆகாது. குழந்தை உண்ணும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். இந்நிபந்தனை கேட்பதற்கு எளிது. மலைச்சரிவிலே கூடை சுமந்து நிற்கும் தாய்க்கோ எளிதன்று.

இன்று கண்டி நகரத்துப் பிறந்தநாள் விருந்துகளிலே கட்லட்டும், பற்றிசும், றோல்சும், கடையில் வாங்கிய பளபளக்கும் பொதிகளும் நிறைந்துள்ளன. காலத்துக்கேற்பப் பண்டம் மாறுதல் இயல்பு. கொக்கிசும் ஒருகாலத்தில் அந்நியப் பண்டமே. பொதியிலுள்ளதைவிடக் கவுமும் கொழுக்கட்டையும் உயர்ந்தவை என்று வாதிப்பது என் நோக்கமன்று. ஆனால் உப்பும் சீனியும் மிகுந்த பொதி, மலிவாகவும் ஊட்ட நேரமில்லாத வேளைக்கு வசதியாகவும் இருத்தலாலே, பழைய ரொட்டித் துண்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. நேரமில்லாத தாயின் பிள்ளைக்கே அது முதலிற் போய்ச் சேர்கின்றது. இதனை நாம் கருதவேண்டும்.

அரசன் அனுப்பிய கவும் ஒல்லாந்தரை வியக்கச் செய்தது. அந்த நாட்டின் பெருமைக்கு அது ஓர் அளவுகோல். லயத்து வாசலிலே அமர்ந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் கையில் என்ன இருக்கின்றது என்பது மற்றோர் அளவுகோல். இரண்டாவது அளவுகோலால் அளந்து பார்க்கும் கடமை நம் தலைமுறைக்கு உரியது.