மெரினாவின் வேலிகளும் மதீனாவின் மேய்ச்சல் நிலமும்



பெருநாள் மாலையில் திருவல்லிக்கேணி, மீர்சாகிப்பேட்டை, இராயப்பேட்டைக் குடும்பங்கள் பாயும் பிரியாணிச் சட்டியுமாகக் கடற்கரைக்குச் செல்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய நம் பிள்ளைகள் இப்போது கரி அடுப்பையும் கம்பி வலையையும் உடன் கொண்டு செல்ல விரும்புகின்றனர். அங்கே அமரக்கூடாது, இங்கே நெருப்பு மூட்டக்கூடாது, பத்து மணிக்கு மேல் இருக்கக்கூடாது என்று தடுக்கப்படுவதாக மஹல்லாக்களில் குறை பேசப்படுகிறது. இது நம் சமுதாயத்தின் மீதான பகை என்போரும் உளர். அரசு சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும், பேச்சுக்கே இடமில்லை என்போரும் உளர். இரு சாராரும் அந்த மணலின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அக்கரையில் வேலியிட்டோருள் நம்மவரும் இருந்தனர் என்பதிலிருந்தே தொடங்குவோம். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1768ஆம் ஆண்டில் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். ஹுமாயூன் மஹால், கலஸ் மஹால் என்ற இரு மாளிகைகளைச் சூழ்ந்த தோட்டங்கள் கடலை நோக்கி விரிந்திருந்தன. கூவம் கடலைச் சேரும் இடத்துக்கு அருகே நவாபின் குடும்பத்தார் நீராடவும் காற்று வாங்கவும் ஒரு தனி மண்டபமும் இருந்தது. அவ்வெல்லைக்குள் சாமானியர் நுழைந்து பாய் விரித்திருக்க முடியாது. 1855ஆம் ஆண்டில் கடைசி நவாப் குலாம் கவ்ஸ் கான் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர். அரண்மனை அரசாங்க அலுவலகமாயிற்று. நவாபின் வழித்தோன்றல்கள் இன்று இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்கின்றனர். வாலாஜா 1795ஆம் ஆண்டில் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் மட்டும் அன்று போலவே எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அந்நாளில் இன்றுள்ள அகன்ற மணல்வெளி கிடையாது. அலைகள் சாலைக்கு அருகிலேயே வந்து மோதின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கே செயற்கைத் துறைமுகம் எழுந்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், காசிமேட்டுக் கரைகளை அலை அரிக்கத் தொடங்கியது. ஒரு பகுதி மக்களின் உலாவிடம் இன்னொரு பகுதி மக்களின் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்து உண்டானது என்பதை மெரினாவில் அமர்வோர் எண்ணிப் பார்ப்பது அரிது.

1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப், 1884ஆம் ஆண்டில் கரையோரமாக நடைபாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக ‘மெரினா’ என்று பெயரிட்டார். வண்டியில் வந்து மாலைக் காற்று வாங்கும் மேட்டுக்குடியினரையே அது முதலில் மனத்தில் கொண்டிருந்தது. ஆயினும் ஊர்மக்கள் அதை மெல்லமெல்லத் தமதாக்கிக்கொண்டனர். திருவல்லிக்கேணிக் கடற்கரை விடுதலைப் போராட்டத்தின் பொதுக்கூட்டத் திடலாயிற்று. பிற்காலத்தில் சீரணி அரங்கம் அரசியல் மேடையாயிற்று. அவ்வரங்கம் 2003ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்காக இலட்சக்கணக்கானோர் அதே மணலில் பல நாள்கள் இருந்தனர். நம் இளைஞர்கள் அங்கேயே அணிவகுத்துத் தொழுததையும், பிற சமயத்துச் சகோதரர்கள் அவர்களுக்கு இடம் விட்டு நின்றதையும் நாடு கண்டது. அதன்பின் கூட்டம் கூடுவது தடுக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் இன்றும் இத்தகைய தடைகளுக்குத் துணையாக நிற்கிறது. மெரினாவில் போராட்டத்துக்கு இடமில்லை என்ற அரசின் நிலையை 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்ற அமர்வும் ஏற்றது.

போராட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓய்வுக்காகக் கரையை ‘அழகாக்குவது’ எத்தகைய விலை கேட்கும் என்பதற்கு 1985ஆம் ஆண்டு சான்று. எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்த முனைந்து மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றத் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்தது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. உலாவ வருவோரின் கண்ணுக்குக் கட்டுமரம் உறுத்தலாயிருந்தது என்பதற்காகக் கடலையே நம்பி வாழ்ந்தவர்கள் இரத்தம் சிந்தினர். நொச்சிக்குப்பம், நடுக்குப்பம் மக்கள் இதை மறக்கவில்லை.

பொது இடத்தில் அமர்வதைப் பற்றி நம் மார்க்கம் பேசியிருக்கிறதா எனில், மிகத் தெளிவாகவே பேசியிருக்கிறது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று நம் வீடுகளில் அறியப்பட்டதே. பாதைகளில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தோழர்கள் மறுப்பாக அன்றி, தம் நிலையைச் சொன்னார்கள்: எங்களுக்கு அமர்ந்து பேச வேறு இடமில்லை. அந்நிலையைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அப்படியாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அவ்வுரிமை என விளக்கினார்கள்.

இந்நபிமொழியை நாம் பெரும்பாலும் ஒழுக்கப் பாடமாக மட்டுமே போதிக்கிறோம். இது ஆட்சிப் பாடமும் ஆகும். வேறிடம் இல்லை என்ற ஒரு சொல்லுக்காக முழுத் தடை நிபந்தனையாக மாறிற்று. திருவல்லிக்கேணிச் சந்துகளில் ஓர் அறையில் ஆறு பேர் வாழும் வீடுகள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே இரவிலும் புழுக்கம் அடங்குவதில்லை. குளிரூட்டிய வணிக வளாகமும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியும் அவர்களுக்கு எட்டாதவை. ரமளானில் தராவீஹ் முடிந்து அவர்கள் கடற்கரையை அடையும்போது மணி ஏறக்குறைய பத்து. அந்நேரத்தில் எழுந்து போகச் சொல்வோர், இவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

எல்லாத் தடையும் ஒரே தரத்தவை அல்ல. மெரினாவில் குளிப்பது தடுக்கப்பட்டிருப்பதை நாம் முழு மனத்தோடு ஏற்கவேண்டும். கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் கூடுகிறது. இழுவை நீரோட்டம் தேர்ந்த நீச்சல்காரரையும் கொண்டுபோய்விடும். 2004 டிசம்பர் 26 காலையில் அக்கரையில் நடந்துகொண்டும் விளையாடிக்கொண்டும் இருந்தவர்களைக் கடல் வாரிச் சென்றதை நம் தலைமுறை கண்டது. காணும் பொங்கலன்று காவலர்கள் தடுப்புக் கட்டுவதும், சிறுவர் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுவதும் நன்றிக்குரிய பணிகள்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மற்றொரு காரணம் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அக்கரையேறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இருளில் பொரிந்து, கடலின் மங்கிய ஒளியை நோக்கி நகர்பவை. கரையில் எரியும் விளக்கும் நெருப்பும் அவற்றைத் திசைமாற்றிச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றியும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரைப் பற்றியும் மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை.

இனி, இடத்தைத் தடுத்து ஒதுக்குவது பற்றி. அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்கள் செழிப்பான மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டனர். நாயொன்றைக் குரைக்கச் செய்து, அவ்வோசை எட்டிய தொலைவுவரை தம் எல்லை என அறிவித்ததாக அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். அந்த ஒதுக்கீட்டுக்கு ‘ஹிமா’ என்று பெயர். தனிமனிதர் தமக்காக ஹிமா வைத்துக்கொள்வதை இஸ்லாம் ஒழித்தது. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே ஹிமா உண்டு, அதாவது பொது நலனுக்காக மட்டுமே அது கூடும் என்றாயிற்று. மதீனாவை அடுத்த நகீஃ என்ற இடம் அவ்வாறு பொதுக் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ரபதா முதலிய நிலங்களும் ஹிமாவாக்கப்பட்டன. அதன் காவலராகத் தம் பணியாளர் ஹுனைய் என்பவரை நியமித்தபோது கலீஃபா கூறிய அறிவுரை புகாரீயில் பதிவாகியுள்ளது. அதன் சாரம் இது: மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை உள்ளே விடாதே. அவர்களின் கால்நடைகள் மடிந்தால் பேரீச்சந்தோட்டமும் வயலும் அவர்களுக்கு இருக்கின்றன; ஏழையின் கால்நடைகள் மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான்; பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது.

தடுக்கப்பட்ட இருவர் யாவர்? சுவனத்தின் நன்மாராயம் பெற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி அன்ஹுமா). அவர்களின் தகுதியில் குறையேதும் இல்லை. வேறிடம் இருந்தது, அவ்வளவே. நிலத்துக்குரிய மக்கள், தாம் அநீதி இழைத்துவிட்டதாகக் கருதக்கூடும் என்பதையும் உமர் (ரலி) அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பொதுத் தேவைக்கான கால்நடைகள் இல்லாவிடில் ஒரு சாண் நிலத்தையும் தடுத்திருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார்கள். வேலிக்குக் காரணம் வேண்டும். வேலியின் வாசல் எளியவனுக்கு முதலில் திறக்கவேண்டும். ஃபிக்ஹு நூல்களில் இதன் கிளைகள் பல, வேர் இதுவே.

இந்த அளவுகோலைச் சென்னைக்குக் கொண்டுவருவோம். 2022 ஜனவரித் தொடக்கத்தில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடாகக் கடற்கரை மூடப்பட்டபோது, நடைபாதையில் நடைப்பயிற்சி செய்வோருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நோயின் அச்சம் உண்மையானது. எனினும் நடப்பவர் பெரும்பாலும் வீட்டில் இடமுள்ளவர். மணலில் அமர்பவர் பெரும்பாலும் வீட்டில் இடமில்லாதவர். மறுபுறம், 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படையின் வான்சாகசத்துக்கு இலட்சக்கணக்கானோர் நண்பகல் வெயிலில் அதே மணலில் கூடினர். நீருக்கும் நிழலுக்கும் தவித்து, ஐவர் உயிரிழந்தனர். குடும்பம் இரவில் பாய் விரிப்பது ஒழுங்குக் கேடு, நகரமே பகலில் திரள்வது விழா என்றால், அளவுகோல் எங்கோ கோணியிருக்கிறது.

பூங்காக்களின் நிலையும் இதுவே. தியாகராய நகரின் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் நீதிக்கட்சிப் பெருமக்களின் பெயரால் பொதுமக்களுக்கென அமைந்தவை. ரங்கநாதன் தெருவில் பெருநாள் துணி வாங்கிக் களைத்த பெண்கள் குழந்தையோடு சற்று அமர அங்கே பனகல் பூங்காவை விட்டால் வேறிடம் இல்லை. இன்று அதன் ஒரு பகுதியை மெட்ரோ இரயில் பணி எடுத்துக்கொண்டுள்ளது. மயிலாப்பூரின் நாகேஸ்வரராவ் பூங்கா காலை நடைக்குப் பேர்பெற்றது. அடையாற்றுக் கழிமுகத்தை மீட்டு 2011ஆம் ஆண்டில் திறந்த தொல்காப்பியப் பூங்காவில் பொழுதுபோக்குக்கு இடமளிக்காமல், மாணவரின் சூழலியல் கல்விக்கே முதலிடம் தரப்பட்டது. பறவைகளுக்காக மனிதரைச் சற்று விலக்கிய அந்த ஹிமாவை நாம் குறை கூறமாட்டோம்.

இனி நெருப்பு. நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துள்ள நபிமொழியை ஓர் இளைஞர் நம்மிடம் ஆதாரமாகக் காட்டினார். கங்கு கேட்பவனுக்கு மறுக்காதே, காட்டு விறகைத் தனதாக்கிக்கொள்ளாதே என்பதே அதற்கு அறிஞர் தரும் விளக்கம். கண்ட இடத்தில் கறி சுட அனுமதி அன்று! மணலில் புதைத்துவிட்டுப் போகும் கங்கு மேற்பரப்பில் அணைந்தது போலிருந்தும் உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். அடுத்து அவ்வழியே ஓடுவது யாருடைய பிள்ளையின் வெறுங்கால் என்பது நமக்குத் தெரியாது. நிழலிலும் பாதையிலும் நீர்த்துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என எச்சரிக்கப்பட்ட சமுதாயம், எலும்பையும் தட்டையும் மணலில் விட்டு எழுவதற்கு என்ன பதில் சொல்லும்? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டும், பெருநாளுக்கு மறுநாள் காலையில் அக்கரையைக் கூட்டும் துப்புரவுப் பணியாளரின் கூடையில் நெகிழி குறையவில்லை. அதில் நம் வீட்டுப் பங்கும் உண்டு.

ஆனால் பிற நாடுகள் தடையோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அரசே கல் அடுப்புகளைக் கட்டிவைத்திருக்கிறது. முன்பதிவு செய்து அனுமதிச் சீட்டுப் பெற்றால் கடலோரத்தில் குடும்பத்தோடு சுட்டு உண்ணலாம். அங்குள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இதை நன்கறியும். துபாயிலும் பூங்காக்களில் அதற்கென வகுத்த இடத்தில் மட்டுமே நெருப்பு மூட்டலாம். வேறிடம் இல்லை என்ற சொல்லுக்கு அவை விடை தருகின்றன.

நம் மாநகராட்சிப் பூங்காக்களில் அத்தகைய ஏற்பாட்டை நாம் கண்டதில்லை. கேட்டுப் பெறவும் நாம் முயன்றதில்லை. மஹல்லா ஜமாஅத்துகள் பெருநாள் தொழுகைத் திடலுக்கு ஆண்டுதோறும் முறையாக விண்ணப்பிக்கின்றன. அதே விண்ணப்பத்தோடு இன்னொன்றையும் இணைக்கலாம்: ரமளானின் கடைசிப் பத்து இரவுகளிலும் பெருநாள் இரவிலும் கலங்கரை விளக்கத்தருகே ஒரு பகுதியை நள்ளிரவுவரை குடும்பங்களுக்குத் திறந்துவையுங்கள், குப்பையை அகற்றுவது எங்கள் பொறுப்பு என்று. பங்குனி ஆமைகளின் காலத்தில் ரமளான் வந்தால் விளக்கும் நெருப்பும் இல்லாமல் அமர்வோம் என்பதையும் அதில் எழுதிக்கொடுக்கலாம்.