மண்ணீரலும் மனமும்: திருகோணமலை மாணவர் நலத்தின் வரலாறு

மாணவரின் உடல்நல அறிவு எவ்வளவு, நோயைப்பற்றி அவர்தம் மனப்பான்மை யாது, அவர்தம் உளநிலை எத்தகையது என்று வினாப்பத்திரம் கொடுத்து அளந்தறிவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. துருக்கி மாணவரிடையே இவ்வளவை நடைபெறுகிறது. நம் நாட்டு மாணவரிடையேயும் நடைபெறுகிறது. கைகழுவ வேண்டியது எப்போது? நுளம்பு முட்டையிடும் இடம் எது? கடந்த இரண்டு வாரங்களில் உமக்குத் துயரம் தோன்றியதுண்டா? கேள்விகள் நல்லவையே. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் நூறாண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், மாணாக்கனை அளக்கும் இந்தப் பழக்கம் புதிதன்று என்பதும், அளந்தவர் எதற்காக அளந்தனர் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்தது என்பதும் புலனாகும்.

முதலில் அளக்கப்பட்டது அறிவன்று, வயிறு. பிரித்தானியர் ஆட்சியில், 1920களில், மலேரியா ஆய்வாளர்கள் இலங்கையின் பாடசாலைகளுக்குச் சென்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவின் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்தனர். அடிக்கடி காய்ச்சல் கண்ட பிள்ளையின் மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்ற கணக்கே அவ்வூரின் மலேரியா அளவு. வேறு கருவி வேண்டியதில்லை, பிள்ளையே கருவி. அளவு குறிப்பேட்டில் ஏறியது. பிள்ளை மீண்டும் வாங்கில் போய் அமர்ந்தது.

திருகோணமலை வரண்ட வலயத்து மாவட்டம். குளமும் காடும் வயலும் சூழ்ந்த இடம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழ்பெற்ற அவ்விடத்தில், கடற்படைத் தளத்துக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் பேரரசு பணத்தை வாரி இறைத்தது. தளத்து வேலிக்கு வெளியே இருந்த கிராமத்துப் பிள்ளைக்கோ காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. கொயினா மருந்தின் கசப்பை அறியாத நாக்கு அக்காலத்து வரண்ட வலயத்தில் அரிதே.

1934-35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயை இங்கு நினைவுகூர வேண்டும். மழை பொய்த்தது, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பல்கியது. சுமார் 80,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளே மிகக் கொடிய அடியை வாங்கின. வரண்ட வலயம் அவ்வளவு அடிபடாததன் காரணம் கொடியது: அங்கே நோய் என்றும் நீங்கியதில்லை. சிறுவயதிலேயே அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டு பிழைத்தவர்க்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. பிழைக்காத பிள்ளைகளைக் கொள்ளைநோய்க் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் சாவது கொள்ளைநோயாகாதாம்!

அவ்வேளையில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று செய்த தொண்டு நம் வாசகர் பலரும் அறிந்ததே. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க மருந்தோடு சென்றார், என். எம். பெரேரா பருப்புப் பகிர்ந்து 'பருப்பு மாத்தயா' என்று பெயர் பெற்றார். காய்ச்சலில் விழுந்தவர் எழமுடியாமல் மடிவதற்குப் பட்டினியே காரணம் என்று அவர்கள் கண்டதை ஒரு சுகாதாரக் கண்டுபிடிப்பாகவே நாம் கொள்ளுகிறோம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது, அதன் தலைவர்கள் பலர் அக்காய்ச்சல் கிராமங்களில் நடந்து பழகிய கால்களையே உடையவராயிருந்தனர்.

பின்னர் மாறுதல் விரைந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு பொழிந்தன. மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். குண்டுச் சத்தத்தில் அஞ்சிய பிள்ளைகளின் உள்ளத்தை எவரும் அளக்கவில்லை; அதற்கு அன்று சொல்லும் இல்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. போர் முடிந்ததும் டி.டி.டி. தெளிப்பு நாடெங்கும் பரவியது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சையும் இலவசமாயிற்று. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துச் சென்றது. 1963இல் நாடு முழுவதிலும் கண்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே.

வென்றோம் என்று எண்ணித் தெளிப்பைக் கைவிட்டனர்; கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஆறாண்டுகளில் மாணவரின் சுகாதார அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. பாடசாலைகள் பெருகியிருந்தன, எழுத்தறிவு உயர்ந்திருந்தது, நுளம்பின் படத்தை வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த பிள்ளைகள் முன்னெப்போதையும்விட மிகுதி. வீட்டுச்சுவரில் மருந்தடிக்க வருபவன் வரவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில், போர் நடந்த பகுதிகளிலும் விடாது நடைபெற்ற களப்பணியின் பயனாகவே 2012க்குப்பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இல்லாமற் போயினர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடென அறிவித்தது.

துருக்கியைத் தொட்டோம். அந்நாட்டுக் கதையில் நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 1940இல் அங்கே கிராமக் கல்விநிலையங்கள் என்றொரு திட்டம் சட்டமாயிற்று. நாட்டில் 21 இடங்களில், உழவர் வீட்டுப் பிள்ளைகள் தாமே கட்டடம் எழுப்பி, வயல் உழுது, இலக்கியமும் படித்து, ஆசிரியராகவும் கிராமச் சுகாதார ஊழியராகவும் வெளியேறினர். இஸ்மாயில் ஹக்கி தோங்குச் என்பார் அதன் சிற்பி. அனத்தோலியாவிலும் அன்று மலேரியா கொடுமை செய்தது. அங்கே மாணவன் அளக்கப்படும் பொருளாய் நில்லாமல் ஊழியனானான். நிலக்கிழார்களுக்கும் பழமைவாதிகளுக்கும் இது பொறுக்கவில்லை. பொதுவுடைமைப் பழி சுமத்தி, 1954இல் அவற்றை மூடினர்.

இனி மனத்தின் கதை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. அதன்பின் கிழக்குக் கரையில் வேற்றுநாட்டு உளவளத்துணையாளர் திரள்திரளாக வந்திறங்கினர். பிள்ளைகளிடம் படம் வரையச் சொன்னார்கள், வினாப்பத்திரம் நிரப்பினார்கள், சிலர் சில வாரங்களில் திரும்பினார்கள். உதவும் எண்ணத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் அவர்கள் தேடியது தனிமனிதனின் தலைக்குள் இருக்கும் நோயை. காயத்திரி பெர்னாண்டோ என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டியதோ வேறு: இந்நாட்டு மக்கள் தம் துயரத்தை உறவின் முறிவாகவே பெரிதும் உரைக்கின்றனர். தாயை இழந்த பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதைவிட, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லாததே பெருந்துயர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று பெயரிட்டு எழுதியதும் இத்தகையதையே: போர் ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை, ஊரையே காயப்படுத்துகிறது. மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாய் மண்ணிலும் வண்ணத்திலும் விளையாடவிட்டது. பல அறிக்கைகளைவிட அது மேல் என்பது எம் கருத்து.

ஆழிப்பேரலை கடந்து ஓராண்டு சென்றது. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கருகே கூடியிருந்த ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். உயர்தரப் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழகத்தை நோக்கியிருந்தவர்கள். குண்டுவெடிப்பில் இறந்தனர் என்று முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டைக் காட்டிற்று. வழக்கு நெடுங்காலம் இழுபட்டு, 2019 ஜூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் முதலான 13 பேரும் சாட்சியம் போதாதென விடுவிக்கப்பட்டனர். அந்நகரத்து வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனிடம், 'எதிர்காலத்தைப்பற்றி உமக்கு நம்பிக்கை உண்டா?' என்ற வினாவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச் சொல்வது எவ்வளவு எளிது!

2017இல் டெங்கு வந்தது. நாட்டில் அவ்வாண்டு 1,86,000 பேருக்கு நோய் கண்டது. ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா மிகவும் அல்லற்பட்டது. பாடசாலைகளைச் சில நாள் மூடவேண்டியதாயிற்று. சிரட்டையைக் கவிழ்த்து வை, டயரை அகற்று என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். குழாய்நீர் நேரத்துக்கு வராத வீட்டில் தாய் வாளியிலும் தொட்டியிலும் நீர் சேர்த்து வைக்காமல் என்செய்வாள்? குப்பை வண்டி வராத ஒழுங்கையில் பிள்ளையின் நல்ல மனப்பான்மை டயரை எங்கே கொண்டுபோய்ப் போடும்? ஆசிரிய நண்பர்கள் இதை எம்மைவிட நன்கறிவர்; சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தை நடத்திவிட்டு, நீரில்லாத மலசலகூடத்துக்குப் பிள்ளையை அனுப்புபவர்கள் அவர்களே.

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக் களப்பில் புதுப்பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய வழி அடைபட்டமையால் மக்கள் இழுவைப் படகில் நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, பெருந்தொற்றால் நெடுநாள் மூடிக்கிடந்து திறந்த பாடசாலைக்குப் பிள்ளைகள் புறப்பட்டனர். படகு நிரம்பியிருந்தது; நடுநீரில் கவிழ்ந்தது. குறைந்தது ஆறு பேர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அன்றே மக்கள் வீதியில் இறங்கினர். பாலம் ஏன் தாமதம், படகுக்கு அனுமதி கொடுத்தவர் யார் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.