முயலை வெளியே விடலாமா? இடத்தைவிட நேரம்தான் முக்கியம்

வீட்டுக்குள்ளேயே வளரும் முயலைப் பார்க்கும்போது, 'பாவம், கொஞ்ச நேரம் புல்லில் ஓடட்டுமே' என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தில் தப்பில்லை. மேய்வது, மண்ணைத் தோண்டுவது, துள்ளி ஓடுவது எல்லாம் முயலின் அடிப்படைத் தேவைகள். நேரடி வெளிச்சம் பட்டால் வைட்டமின் டி-யும் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. ஆனால் இந்தியாவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே விடலாம்' என்பதல்ல, 'எப்போது விடலாம்' என்பதுதான்.

வெப்பம் ஏன் பெரிய பிரச்னை?

நாம் வளர்க்கும் முயல்களின் மூதாதை ஐரோப்பியக் குழிமுயல். பகல் பொழுதின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில் வளையில் கழித்துவிட்டு, அதிகாலையிலும் அந்தியிலும் மேய வரும் விலங்கு அது. முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. நாய் மாதிரி இரைத்துச் சூட்டைத் தணிக்கவும் சரியாக வராது. பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும்.

முயலுக்கு வசதியான வெப்பநிலை சுமார் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 28-ஐ நெருங்கினாலே எச்சரிக்கை தேவை. சமவெளிப் பகுதிகளில் குறைந்தது 40 டிகிரியைத் தொட்டால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையைப் பற்றி யோசிக்கும். அதாவது, எந்த எச்சரிக்கையும் வராத ஒரு சாதாரண நாள்கூட முயலுக்கு ஆபத்தான நாளாக இருக்கலாம்.

இன்னொன்று: வானிலை நிலையங்கள் வெப்பநிலையை நிழலில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே அளக்கின்றன. முயலின் வயிறோ தரையை ஒட்டியே இருக்கிறது. மொட்டைமாடித் தளமும் பால்கனி டைல்ஸும் மொபைலில் தெரியும் எண்ணைவிட அதிகமாகவே சுடும்.

அப்போ எந்த நேரம் சரி?

ஊரைப் பொறுத்தது. மே மாதத்தில் பெங்களூருவின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி இருக்கும்; காலை 6 மணிக்குத் தாராளமாக வெளியே விடலாம். அதே மாதம் சென்னையில் குறைந்தபட்சமே ஏறக்குறைய 28. அங்கே கோடையில் வெளியே விடாமல் இருப்பதுதான் நல்லது. டிசம்பர், ஜனவரி காலைகள் பொருத்தமானவை. புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சூடாகத் தெரிந்தால் முயலுக்கும் சூடுதான்.

எங்கே, எப்படி விடுவது?

* நான்கு பக்கமும் மேலேயும் கம்பிவலை உள்ள அடைப்பு வேண்டும். நாய், பூனை மட்டுமல்ல. பருந்தும் காகமும்கூட ஆபத்து. முயல் மண்ணைத் தோண்டி வெளியேறிவிடும் என்பதால் வலையின் அடிப்பகுதியையும் கவனியுங்கள்.
* அடைப்பு இருக்கிறதே என்று தனியாக விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். வலைக்கு வெளியே நாய் குரைத்தாலே மிரண்டுபோய் அடிபட்டுக்கொள்ளும், அதிர்ச்சியில் இறக்கவும்கூடும்.
* ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நிழல், தண்ணீர் ஆகிய மூன்றும் கட்டாயம்.
* கழுத்துப்பட்டை வேண்டாம். உடலைச் சுற்றி அணியும் ஹார்னஸ் போதும். அதையும் வீட்டுக்குள் சில நாள் பழக்கிய பிறகே வெளியே கொண்டுபோங்கள். லீஷைப் பிடித்து இழுக்காதீர்கள். பூனையின் உடல் எடையில் எலும்புகளின் பங்கு 12-13 சதவீதம். முயலுக்கு 7-8 சதவீதம்தான். திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம்.
* அபார்ட்மென்ட் புல்வெளியில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்று அசோசியேஷனில் கேளுங்கள். கொசுமருந்துப் புகை அடித்த நாளில் வேண்டாம்.
* அருகம்புல் நல்லது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். அரளி, எருக்கு, உண்ணிச்செடி இருக்கும் பக்கம் விடாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

காதுகளிலும் ரோமத்திலும் உண்ணி இருக்கிறதா, பின்பக்கம் ஈரமாகவோ அழுக்காகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வைத்துவிடும்.

வேகமாக மூச்சு வாங்குவது, காது சிவந்து சூடாவது, எச்சில் வடிவது, துவண்டு கிடப்பது ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் காதுகளை நனைத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், 12 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அதுவும் அவசர நிலைதான். எல்லா கால்நடை மருத்துவர்களும் முயலைப் பார்ப்பதில்லை. பார்ப்பவரின் நம்பரை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்க்க முடியாவிட்டால் காட்டில் விட்டுவிடலாமா?

கூடாது. நம் ஊர்க் காட்டுமுயல் வேறு இனம். தமிழில் இரண்டையும் 'முயல்' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. வீட்டு முயலுக்கு இரை தேடவோ தப்பிக்கவோ தெரியாது. பசி, தாகத்தால் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வளர்க்க முடியவில்லை என்றால், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு வீட்டைத் தேடிக் கொடுங்கள்.