பெட்டியிற் கிடந்த படங்கள்

வீரமாமுனிவரை அறியாத தமிழர் இலர். 1732-இல் சதுரகராதி யாத்த அப்பெரியார் சார்ந்திருந்த இயேசு சபையிலே, பின்னாளில் பிரான்சிஸ் பிரௌன் என்னும் அயர்லாந்துத் துறவி ஒருவர் இருந்தார். அவர் விட்டுச் சென்ற நிழற்படங்களின் வரலாறு ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தார்க்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பிரௌன் 1880-இல் கார்க் நகரிற் பிறந்தவர். துறவுப் பயிற்சியில் இருந்த காலத்து, 1912 ஏப்ரல் 10-ஆம் நாள், முதற் பயணம் புறப்பட்ட டைட்டானிக் கப்பலில் ஏறினார். கப்பலில் நட்புக் கொண்ட செல்வர் சிலர், நியூயார்க் வரை தம்முடன் வருமாறும் செலவைத் தாமே ஏற்பதாகவும் கூறினர். அவர் தம் சபைத் தலைவரிடம் தந்தி வழியாக இசைவு வேண்டினார். உடனே கப்பலைவிட்டு இறங்குக என்று விடை வந்தது! பணிந்து மறுநாள் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் இறங்கினார். 15-ஆம் நாள் விடியுமுன் அக்கப்பல் மூழ்கிற்று. 1500 பேர்க்கு மேல் மாண்டனர். கப்பலினுள் அவர் எடுத்த படங்களைப் பற்பல நாட்டுப் பத்திரிகைகள் வெளியிட்டன.

பின்னர் அவர் முதல் உலகப் போரிற் படையினர்க்குக் குருவாய்ப் பணியாற்றினார். ஆஸ்திரேலியா சென்று மீளுங்கால் இலங்கையிலும் தங்கினார். சென்றவிடமெல்லாம் படமெடுத்தலை விட்டிலர். 1960-இல் அவர் மறைந்தபின் படங்களை நினைப்பாரிலர். கால் நூற்றாண்டு கழித்து, 1985-இல், அதே சபையைச் சார்ந்த குரு ஒருவர் டப்ளின் நகரத்துச் சபை இல்லத்தில் ஒரு பெரும் பெட்டியைத் திறந்தார். ஏறத்தாழ 42,000 படச்சுருள் மூலங்கள் உள்ளே இருந்தன! அக்காலத்துச் சுருள் நாளடைவில் தானே சிதையுந் தன்மையது. வல்லுநர் அவற்றைப் புதுச் சுருளுக்கு மாற்றிக் காத்தனர். இன்ன இடம், இன்ன நாள் என்று பிரௌன் குறித்து வைத்திருந்தமையாலன்றோ அவை வரலாறாயின! குறிப்பின்றேல் அவை யார் யாருடையவோ முகங்கள்.

நம் பகுதிக்கும் பழைய படங்கள் உண்டு. 1791-இல் கும்பினிப் படை மைசூராரிடமிருந்து கைப்பற்றிய இராயக்கோட்டையை, லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை அரசினர் பொருட்டுப் படம் பிடித்தார். இராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய அத்தொகுதி 1858-இல் வெளிவந்தது. பின்னர் அரசினர் செலவு மிகுதியென்று அப்பணியையே நிறுத்திவிட்டனர். அரசினர் எந்நாளும் இப்படித்தான். ஆயினும் படங்கள் அழிந்தில. லண்டன் நூலகத்தில் உள்ளன. அவற்றிற் கோட்டையும் பாறையும் தெளிவாய்த் தோன்றும், மக்களோ அரியர். அசையாது நெடுநேரம் நிற்பனவற்றையே அன்றைய கருவி நன்கு பிடிக்கும்.

ஆகவே நம் முன்னோர் முகங்களை இலண்டனிலோ டப்ளினிலோ தேடிப் பயனில்லை. அவை நம் வீட்டுச் சுவர்களிலேயே இருந்தன. 1970-களுக்குப்பின் ஓசூரைச் சூழத் தொழிற்பேட்டைகள் எழுந்தன, நிலங்கள் கைமாறின, ஓட்டு வீடுகள் இடிந்தன. சட்டமிட்ட படங்கள் பழைய சாமான் கடைக்குப் போயின. எஞ்சியவற்றுள்ளும், பாட்டனார் வரிசையில் யார் யார் நிற்கின்றனர் என்று சொல்ல வல்லவர் எண்பது கடந்த ஓரிருவரே. அவர் உள்ளபோதே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

படத்தின் பின்புறம் மைக்கோலால் எழுதற்க. மை ஊறி முகத்தைக் கெடுக்கும். மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் பெயரும் ஊரும் ஆண்டும் குறிக்க. பசையிட்டு ஒட்டற்க. பத்திரிகைத் துண்டை வெட்டுங்கால் பத்திரிகையின் பெயரையும் நாளையும் அதனோடே எழுதி வைக்க. திருமண அழைப்பிதழ்களையும் எறியாதிருக்க. மூன்று தலைமுறைப் பெயர்கள் அவற்றில் அச்சாகியுள்ளன.