ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதல் எண்டெவர் வரை: பழைய பெரிய வண்டி வாங்குமுன் கொஞ்சம் ஜி.எஸ்.டி. சாலை வரலாறு



"சார், பழைய ஃபோர்டு எண்டெவர் பாதி விலைக்கும் கீழே வருது, வாங்கலாமா?" என்று இந்த ஆண்டு மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மெக்கானிக் அல்ல. சமூக அறிவியல் நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை வரலாற்றில்தான் இருக்கிறது. அதுவும் நம் தாம்பரத்துக்குத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் போவோம். அங்கே இருந்ததுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை. சுதந்திரம் கிடைத்த கையோடு, 1940களின் இறுதியில், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துடன் சேர்ந்து சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 8, 10 என்று வந்து, 1961-இல் ஹெரால்டு வந்தது. என் வயதுக்காரர்களுக்கு கார் என்றாலே மூன்று பெயர்தான்: அம்பாசிடர், பியட், ஹெரால்டு. அவற்றில் ஹெரால்டு நம் ஊர்ப் பிள்ளை.

இங்கிலாந்தில் ஹெரால்டு தயாரிப்பு 1971-இல் நின்றது. இங்கே அதையே மாற்றி 1972-இல் 'கெஸல்' என்று கொண்டுவந்தார்கள். அதுவும் 1977-இல் முடிந்தது. 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. உடல் ரோவர் காருடையது, எஞ்சினோ பழைய வேன்கார்டு வழி வந்தது. விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். அதற்குள் 1983-லேயே மாருதி 800 வந்து மக்கள் மனத்தைப் பிடித்துவிட்டது. 1988-இல் ஆலை ஓய்ந்தது.

அதன்பின் ஹெரால்டு, கெஸல் வைத்திருந்தவர்கள் நிலை என்ன? தாய்நாட்டிலும் தயாரிப்பு இல்லை, பிறந்த ஊரிலும் ஆலை இல்லை. ஒரு சின்ன பாகத்துக்குப் புதுப்பேட்டைக் கடைகளில் அலைய வேண்டும், இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். வண்டி நன்றாக ஓடியும், பாகம் கிடைக்காமல் வாசலில் நின்றே துருப்பிடித்தவை எத்தனையோ.

இப்போது இன்னும் தெற்கே, மறைமலை நகர். ஃபோர்டு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1926-லேயே வந்து, 1950களில் மூடிவிட்டுப் போன நிறுவனம். 1995-இல் மஹிந்திராவோடு சேர்ந்து மறுபடி வந்தது. 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது. 2003-இல் எண்டெவர். 2016 ஜனவரியில் முற்றிலும் புதிய எண்டெவர், சுமார் 25 லட்சம் ரூபாயில் தொடங்கியது. 2.2 லிட்டர், 3.2 லிட்டர் என இரண்டு டீசல் எஞ்சின்கள். 2020-இல் அவை போய், பத்து கியர் ஆட்டோமேட்டிக்குடன் 2.0 லிட்டர் எஞ்சின்.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. அதற்கு முன் இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராடியதும் உங்களில் பலர் அறிந்ததே. அந்த ஆலையை நம்பி வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எத்தனை பேர்!

சரி, எண்டெவரும் ஹெரால்டு போல அனாதை ஆகிவிட்டதா? இல்லை. ஹெரால்டு ஒற்றைப் பிள்ளை. எண்டெவருக்கு வெளிநாட்டில் கூடப்பிறந்தவர்கள் உண்டு. இதே வண்டி தாய்லாந்தில் தயாராகி, 'எவரெஸ்ட்' என்ற பெயரில் ஆஸ்திரேலியா வரை ஓடுகிறது. 'ரேஞ்சர்' பிக்கப்பிலும் இதே எஞ்சின்கள்தான். உதிரிபாகமும் சர்வீசும் தொடரும் என்று ஃபோர்டும் அறிவித்தது. ஆகவே பாகம் கிடைக்கும். ஆனால் கப்பலேறி வரவேண்டிய பாகம் என்றால், காசும் கூடும், காத்திருப்பும் கூடும்.

இனி நம்பகமான மெக்கானிக்குகளிடம் கேட்டு நான் குறித்து வைத்தவை:

1. 3.2 லிட்டர் எஞ்சினில் ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வடித்துவிட்டு நெடுநேரம் காலியாக விடக்கூடாது. விட்டால் ஆயில் பம்ப் மறுபடி ஆயிலை இழுக்காமல் போகலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினே போய்விடும். வண்டியை எங்கே விட்டார்கள், யார் கை வைத்தார்கள் என்ற சர்வீஸ் ரெக்கார்டு அதனால்தான் முக்கியம்.

2. 2.0 லிட்டரில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே சுழலும். சொன்ன தரத்து ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றாத வண்டி என்றால் தொடவே வேண்டாம்.

3. பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தாம்பரம் மார்க்கெட்டுக்கும் குரோம்பேட்டைக்கும் மட்டுமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரியும்.

4. இரண்டு டன்னுக்கு மேல் எடை. பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், டயர் எல்லாம் சிறிய காரைவிட வேகமாகத் தேயும்.

5. வெள்ளம். இதை நம் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை. 'உயரமான வண்டிதானே' என்று தண்ணீரில் இறக்கியவர்கள் உண்டு. சீட்டின் அடிக்கம்பியில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே சேறு, ஒயர் முனைகளில் பச்சைப் பூச்சு, கியர் ஆயில் பால் கலந்த டீ நிறம் – இதில் எது இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர், நகருக்குள் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று வைப்போம். 111 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசலுக்கு மட்டும் ஏறக்குறைய 10,200 ரூபாய். 3.2 எஞ்சினுக்கு ஒரு முறை ஆயில் மாற்றவே சுமார் 10 லிட்டர் வேண்டும். சின்ன காருக்கு மூன்று, நான்கு லிட்டர் போதும். 2003, 2004 மாடல் என்றால் 15 ஆண்டு தாண்டிவிட்டது. ஆர்.சி. புதுப்பித்தாரா, எதுவரை செல்லும் என்று பாருங்கள். கடன் பாக்கி நீக்கப்பட்டதா, அபராதச் சலான் நிற்கிறதா என்பதையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கரும்பலகையில் எழுதுவதுபோல ஒன்றை மட்டும் பெரிதாக எழுதி அடிக்கோடிடுகிறேன்: பழைய வண்டியின் விலைதான் பாதியாகிறது. அதன் பாகங்களின் விலை பாதியாவதில்லை. 12 லட்சத்துக்கு வாங்கினாலும், அது 30 லட்சம் ரூபாய் வண்டிக்குரிய தீனியைத்தான் கேட்கும். வாங்கும் பணத்துக்கு மேல், முதல் ஆண்டு ரிப்பேருக்கென்று தனியாக ஒரு தொகை கையில் இருந்தால், வீட்டில் ஆறேழு பேர் இருந்து அடிக்கடி வெளியூர் போவதாயிருந்தால், வாங்குங்கள். உறுதியான வண்டி. கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றாலோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் கை வைக்க வேண்டும் என்றாலோ, வேண்டவே வேண்டாம்.

2024-இல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திறக்க விரும்புவதாக ஃபோர்டு தெரிவித்தது. 2025-இல் எஞ்சின் தயாரிப்புக்கு அரசோடு ஒப்பந்தமும் ஆனது, 2029 முதல் உற்பத்தி என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் செய்தியைக் காட்டி, "இனி ஸ்பேர் சல்லிசு" என்று எந்த புரோக்கராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு கணக்கு.

ஸ்டாண்டர்டு ஆலையிலோ மறைமலை நகரிலோ வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் இதைப் படித்தால், உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். நம் ஊர்த் தொழில் வரலாற்றை நாம்தானே எழுதி வைக்க வேண்டும்? எல்லோரும் நலமோடு இருங்கள், சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.