புழுவின் பாதை – 9: ஆரஞ்சுத் துகள்கள்

ஜப்பானிய மருத்துவர் கொய்னோ 1922-இல் 2,000 உருண்டைப்புழு முட்டைகளை விழுங்கிவிட்டு, நிமோனியா கண்டவர்போலப் படுத்தபடி தன் சளியிலேயே புழுக்குஞ்சுகளைத் தேடிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் தெரிந்தே விழுங்கியவர். தெரியாமல் விழுங்கிய நான்கு பேர் இந்த வாரம் வருகிறார்கள்.

கனடா, 1970 பிப்ரவரி. மான்ட்ரியல் தீவின் மேற்கு முனையில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் கல்லூரி. வேளாண்மைப் படிப்புக்குப் பேர்போன வளாகம். அங்கே படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். இருமல், இளைப்பு, நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம். எக்ஸ்ரேயில் நுரையீரல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. அதில் இரண்டு பேருக்கு மூச்சே கைவிட்டுப் போகும் நிலை.

நிமோனியா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ரத்தம் அதற்கு ஒத்துவரவில்லை.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, இயோசின் என்ற சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சில வெள்ளை அணுக்கள் மட்டும் தனியாகத் தெரியும். உட்கரு இரண்டு மடலாகப் பிரிந்திருக்கும். சுற்றிலும் ஆரஞ்சுச் சிவப்பில் துகள்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். 1879-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் இனங்கண்ட இயோசினோபில்கள் இவை. நலமாக இருப்பவர் ரத்தத்தில் நூறு வெள்ளை அணுக்களுக்கு நாலைந்துக்கு மேல் இருக்காது. சாதாரண பாக்டீரியா நிமோனியா வந்தால் அதுவும் குறைந்துபோகும். இந்த மாணவர்களுக்கோ எண்ணிக்கை எகிறியிருந்தது.

நம்மூரிலும் இருமல் நின்றபாடில்லை என்றால் “ஈசினோபீலியாவா இருக்கும், ரத்தம் பாருங்க” என்பார்கள். அது உளறல் இல்லை. யானைக்கால் புழு உள்ள ஊர்களில் அந்த இருமலுக்கு அந்தப் புழுவே காரணமாவதுண்டு. ஆனால் பனி உறைந்த கனடாவில் யானைக்கால் கொசு ஏது?

இன்னொரு தடயமும் இருந்தது. ஒவ்வாமையின்போது ஏறும் ஐஜிஇ என்ற புரதமும் அவர்கள் ரத்தத்தில் மிக அதிகம். 1960-களின் நடுவில்தான் அப்படியொன்று இருப்பதே தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பெயர் வைத்தது 1968-இல். நான்கைந்து வருடம் முன்பு இவர்கள் நோயுற்றிருந்தால் இதை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இயோசினோபில், ஐஜிஇ, நுரையீரல் மூன்றும் கைகோத்தால் புழு என்று சந்தேகிக்கலாம். மலத்தில் முட்டை தேடுவது இந்தக் கட்டத்தில் வீண்வேலை. முட்டையிடும் அளவுக்குப் புழு வளர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். குடலில் பொரித்த குஞ்சு சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து இதயம் வழியாக நுரையீரலில் இறங்கும் நாட்கள் இவை. ஆகவே தேட வேண்டிய இடம் சளி. தேடினார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், நூல் துணுக்குபோல, கொய்னோ பார்த்த அதே குஞ்சுகள் கிடைத்தன.

அதே என்றா சொன்னேன்? முழுக்க அதே இல்லை. கொய்னோ விழுங்கியது மனித உருண்டைப்புழு. இது அஸ்காரிஸ் சூயம்; பன்றியின் குடலில் வாழ்வது.

வேளாண் கல்லூரிதானே, பன்றிக் கொட்டகையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்தால், இரண்டு விஷயம் இடிக்கிறது. முதலாவது, சாணத்தில் புதிதாக விழும் முட்டை யாரையும் தொற்றாது. மிதமான வெப்பத்தில், ஈரத்தில் சில வாரம் கிடந்து, உள்ளே குஞ்சு உருவான பிறகுதான் அதற்கு ஆபத்தான பருவம். பிப்ரவரியில் மான்ட்ரியல் மண் பாறைபோல் இறுகிக் கிடக்கும். முட்டை அதில் முதிராது. இரண்டாவது, அளவு. நான்கு பேரை ஒரே சமயத்தில் மூச்சுத்திணற வைக்க, கழுவாத கீரையில் ஒட்டும் பத்துப் பதினைந்து முட்டை போதாது. பெருந்தொகையாக, ஒரே நாளில், ஒரே உணவில் போயிருக்க வேண்டும்.

மருத்துவர்கள் நோய் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். பத்து முதல் பதினான்கு நாள். நான்கு பேருக்கும் கணக்கு ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு சாப்பாட்டு வேளை இருந்தது.

இப்படி முட்டைகளைச் சேகரித்து, சூடும் ஈரமும் பார்த்துப் பார்த்து முதிரவைத்து, குப்பியில் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அவர்களில் பலர் வேலை பார்த்த ஓர் ஒட்டுண்ணியியல் ஆய்வு நிறுவனம் 1932 முதல் இயங்கிவந்தது. அதன் முகவரி: மெக்டொனால்ட் கல்லூரி வளாகம்.

குப்பி அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கு எப்படி வந்தது?

(அடுத்த வாரம்)